டோக்கியோவின் கடைத்தெருக்களை நடந்தே பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ போகிறோம் என்று சொல்பவர்களுக்கு நான் தரும் யோசனை எப்போதும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு பேட்டை, மிஞ்சிப் போனால் இரண்டு. ரயிலில் போய் இறங்கி, அங்குள்ள கடைத்தெருவை நிதானமாக நடந்து பாருங்கள். ஏதாவது ஒன்றை, சின்னதாக இருந்தாலும் சரி, வாங்குங்கள். அந்தத் தெருக்கள் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அக்கம்பக்கத்து வீடுகள் காய்கறியும் தேயிலையும் வாங்குவதால் பிழைத்திருப்பவை. இப்படிச் சொன்னதும் நண்பர்களும் உறவினர்களும் திருப்பிக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவ்வளவு பெரிய ஊரை நடந்து பார்க்க முடியுமா?

ஊர் முழுவதையும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. ரயில் நிலையங்களைச் சுற்றி வளர்ந்த பல சின்ன ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் டோக்கியோ. நகரின் நடுவே வட்டமடிக்கும் யாமனோத்தே பாதையின் நீளம் 34.5 கிலோமீட்டர், அதில் 30 நிலையங்கள். வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இன்னும் எத்தனையோ நிலையங்கள். பலவற்றில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் அந்தப் பேட்டைக்கென்று ஒரு கடைத்தெரு வந்துவிடும். ஷோதென்காய் என்பார்கள். மீன் கடை, டோஃபு கடை, தேயிலைக் கடை, செருப்புக் கடை, சலவைக் கடை என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரே வரிசையில் இருக்கும்.

நீளமும் பயமுறுத்தாது. யனகா கின்சா 170 மீட்டர்தான். நகரின் மிக நீளமான கடைத்தெருக்களில் ஒன்றான தொகோஷி கின்சாவே 1.3 கிலோமீட்டர். ரயிலில் போய் இறங்குங்கள், ஒரு தெருவை முழுதாக நடங்கள், மறுமுனைக்கு அருகிலுள்ள நிலையத்தில் ஏறிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த வழியே நடக்க வேண்டியதில்லை.

முதலில் எந்தப் பேட்டை?

தயங்காமல் யனகா. நிப்போரி நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு படிக்கட்டு வரும். பெயர் யூயாகே தந்தன். மேற்குப் பார்த்த படி என்பதால் சூரியன் இறங்குவதைப் பார்க்க மாலையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். படி இறங்கினால் யனகா கின்சா. சுமார் 60 கடைகள்.

இந்தப் பேட்டை பழைய முகத்தோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1923-ஆம் ஆண்டு கான்தோ நிலநடுக்கத்திலும், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் டோக்கியோவின் பெரும்பகுதி எரிந்து போனது. கோயில்களும் இடுகாடும் நிறைந்த யனகாவின் கணிசமான பகுதி தப்பியது. 1980-களில் நிலத்தின் விலை ஏறி எல்லா இடத்திலும் பழைய வீடுகளை இடித்தபோது, உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து 1984-இல் தங்கள் பேட்டைக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பேட்டையின் கதைகளை எழுதினார்கள். 2009 வரை அது நடந்தது. யனகா, நெஸு, செந்தாகி ஆகிய மூன்று பேட்டைகளையும் சேர்த்து ‘யனெசென்’ என்று இன்று எல்லோரும் சொல்வது அந்தப் பத்திரிகையால் பரவிய வழக்கம். ஒரு பேட்டையை அங்கே குடியிருப்பவர்களே எழுத்தால் காப்பாற்றியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

யனகா கின்சாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சரக்கு பக்கத்துச் சந்துகளில் இருக்கிறது. 1864-இல் தொடங்கிய இசெதாத்சு என்ற காகிதக் கடை இருக்கிறது. மரக்கட்டை அச்சில் பூவும் அலையும் விசிறியுமாகப் பதித்த சியோகாமித் தாள்களை அங்கே விற்கிறார்கள். செந்தாகி நிலையத்துக்கு அருகே கிகுமி செம்பெய், 1875-இலிருந்து அரிசி வறுவல் சுடும் கடை. மற்ற இடங்களில் வட்டமாக இருக்கும் செம்பெய் இங்கே சதுரம். நிப்போரிப் பக்கம் ஹபுதாயே தாங்கோ, 1819-இல் பிறந்த கொழுக்கட்டைக் கடை. அரிசிமாவு உருண்டைகளை லேசாகத் தட்டிக் குச்சியில் கோத்துத் தருகிறார்கள். ஒரு வகையில் சிவப்புக் காராமணியை மைய அரைத்த இனிப்புப் பூரணம் பூசியிருக்கும். இன்னொன்று சோயா சாறு தடவி நெருப்பில் வாட்டியது. இரண்டும் வாங்கி உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

சமையல் சாமான்களுக்கென்றே ஒரு தெரு இருக்கிறதாமே?

கப்பாபாஷி. கின்சா மெட்ரோ பாதையில் தவராமாச்சி நிலையத்தில் இறங்கி நடந்தால், ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரரின் பிரம்மாண்டமான தலை தெரியும். அதுதான் தெருமுனை. அங்கிருந்து 800 மீட்டருக்கு 170-க்கும் மேற்பட்ட கடைகள். சென்னைப் பாரிமுனையில் தெருவுக்கு ஒரு சரக்கு என்றிருக்குமே, அதைப்போல இங்கே உணவகம் நடத்துபவருக்கு வேண்டியது எல்லாம் உண்டு. பீங்கான் கிண்ணம், வாணலி, சல்லடை, வாசல் திரைச்சீலை, காகித விளக்கு, சமையல்காரர் உடுப்பு. மொத்தக் கொள்முதலுக்கான தெரு என்றாலும் பெரும்பாலான கடைகளில் ஒன்றிரண்டும் தருவார்கள்.

கத்தி வாங்குவதானால் விஷயம் தெரிந்து வாங்குங்கள். நம் சமையலில் காய் நறுக்கும் வேலைதான் அதிகம் என்பதால், நீள்சதுர அலகு கொண்ட நகிரி நன்றாகப் பொருந்தும். எல்லா வேலைக்கும் ஒரே கத்தி போதும் என்றால் சந்தோக்கு. தேபா என்பது மீன் வெட்டுவதற்கான கனத்த கத்தி. பிறகு எஃகு. துருப்பிடிக்காத எஃகு எது, கார்பன் எஃகு எது என்று கேட்டே வாங்குங்கள். கார்பன் எஃகு அபாரக் கூர்மை, ஆனால் எலுமிச்சையோ புளியோ பட்டு ஈரத்தோடு கிடந்தால் கறுத்துத் துருவேறிவிடும். நறுக்கிய கையோடு கழுவித் துடைத்து வைக்கிற வீட்டுக்குத்தான் அது. ஜப்பானியக் கத்திகளின் எஃகு கடினமானது, அதனால் அலகு மெலிசு. தேங்காய், எலும்பு, உறைந்த இறைச்சி இவற்றில் போட்டால் விளிம்பு உதிரும். சுழலும் சாணைச் சக்கரத்திலும் கொடுக்க வேண்டாம், சூடேறிப் பதம் போய்விடும். அதே கடையில் 1000 எண் போட்ட தண்ணீர்க் கல் ஒன்று வாங்கி வீட்டிலேயே தீட்டுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும், ஒருபக்கம் மட்டும் தீட்டிய கத்திகள் வலக்கைக்குச் செய்தவை. பல கடைகளில் அலகில் பெயர் பொறித்தும் தருவார்கள்.

வாங்கிய கத்தியைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்தபடியே விடுதிக்குக் கொண்டு போங்கள். ஜப்பானில் 6 சென்டிமீட்டரைத் தாண்டும் அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துத் திரிவது குற்றம். வாங்கி எடுத்துப் போவது தக்க காரணம்தான், ஆனால் கட்டுப் பிரிக்காமல் ரசீதோடு இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்கும் அரிசி குக்கரும் கெண்டியும் நம் வீட்டு 230 வோல்ட்டில் எரிந்து போகும். வெளிநாட்டுக்கென்று தயாரித்தது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அடுத்தது, இவாத்தே மாநிலத்து நம்பு இரும்புக் கெண்டி. உள்ளே எனாமல் பூசியிருந்தால் அது தேநீர் ஊற வைக்க மட்டுமே, அடுப்பில் ஏற்றக் கூடாது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டி வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் கூட வந்தால் உணவு மாதிரிகள் விற்கும் கடையை விட்டு நகர மாட்டார்கள். உணவக வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் நூடுல்ஸ் கிண்ணம், வறுத்த இறால், பழ ஐஸ்கிரீம் எல்லாம் அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள். குஜோ ஹாச்சிமான் என்ற ஊரைச் சேர்ந்த இவாசாகி தாகிஸோ 1932-இல் ஒசாக்காவில் இதைத் தொழிலாகவே தொடங்கினார். அன்று மெழுகு, இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். பெரிய மாதிரிகளின் விலை அதிகம், சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன சுஷி எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.

ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாது. பழைய புத்தகத் தெருவுக்குப் போய் என்ன செய்வது?

போங்கள். ஜிம்போச்சோவில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள் இருக்கின்றன. பழைய நிலப்படங்கள், திரைப்படச் சுவரொட்டிகள், அஞ்சலட்டைகள், மரக்கட்டை அச்சுப் படங்கள் இவற்றுக்கு மொழி தேவையில்லை. அச்சுப் படம் வாங்கும்போது அசலா, பின்னாளில் மறுபதிப்புச் செய்ததா என்று கேளுங்கள், நேராகச் சொல்வார்கள். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

யாசுகுனி சாலையில் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய புத்தகக் கடைகள் அநேகமாகச் சாலையின் தென்புறத்தில் வடக்கு நோக்கியே இருக்கும். வெயில் பட்டுத் தாள் பழுப்பாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அக்டோபர் கடைசியில், நவம்பர் தொடக்கத்தில் நடைபாதையெல்லாம் அலமாரி போட்டு ஒரு விழா நடக்கும். 1960-இல் தொடங்கியது. பசித்தால் அங்கேயே ஜப்பானியக் குழம்புச் சோறு (கறி ரைஸ்) சாப்பிடலாம், புத்தகக் கடைகளுக்கு நிகராக அதற்கும் பெயர் போன பேட்டை.

நூற்றாண்டு தாண்டிய கடைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால்?

நிஹோம்பாஷி. 1603-இல் மரப்பாலமாகக் கட்டி, நாட்டின் ஐந்து பெரிய சாலைகளுக்கும் தொடக்கப் புள்ளியாக வைத்த இடம். இப்போதுள்ள கல்பாலம் 1911-இல் கட்டியது. நடுவில் சாலைத் தொலைவுகளை அளக்கத் தொடங்கும் குறி பதிந்திருக்கிறது. 1964 ஒலிம்பிக்கை ஒட்டி ஒரு விரைவுச் சாலையைப் பாலத்தின் தலைக்கு மேலேயே போட்டுவிட்டார்கள். அதை நிலத்தடிக்குக் கொண்டு போகும் வேலை நடக்கிறது.

பாலத்தைச் சுற்றிச் சில நிமிட நடையில் விசிறிக்கு இபாசென் (1590), கைக்காகிதத்துக்கு ஓஸு வாஷி (1653), காய்ந்த போனிட்டோ மீனுக்கு நின்பென் (1699), கத்திக்கு கியா (1792), கடற்பாசித் தாளுக்கு யாமாமோத்தோ நோரி (1849). சில கடைகள் இன்று பளபளப்பான புதுக் கட்டடங்களுக்குள் இருக்கின்றன. மரக்கதவையும் புழுதியையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம், சரக்கைப் பாருங்கள். ஓஸு வாஷியில் நீங்களே கூழைச் சல்லடையில் அள்ளி ஒரு தாள் செய்து பார்க்கவும் ஏற்பாடு உண்டு. குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறோம். அவர்களுக்கு ஏற்ற தெரு எது?

சுகாமோ. யாமனோத்தே பாதையிலேயே இருக்கிறது. ‘பாட்டிமாரின் ஹராஜுகு’ என்று செல்லப் பெயர் (ஹராஜுகு என்பது இளசுகள் நாகரிக உடை வாங்கக் கூடும் பேட்டை). முதியவர்களுக்காகவே வளர்ந்த தெரு என்பதால் தரை சமமாக இருக்கும், அட்டைகளில் எழுத்து பெரிதாக இருக்கும், கடைக்காரர் நிதானமாகப் பேசுவார். சிவப்பு உள்ளாடை விற்கும் ஒரு கடை நாடறிந்தது. சிவப்பு உடம்புக்குச் சூடும் நலமும் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவிலுள்ள கோகன்ஜி கோயிலில் கன்னோன் என்ற பௌத்த தெய்வத்தின் சிலை இருக்கிறது. உங்களுக்கு முழங்கால் வலித்தால் சிலையின் முழங்காலில் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்க வேண்டும். நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. வரிசையில் நின்று அவர்களே செய்வார்கள்.

மாதத்தின் 4, 14, 24 தேதிகளில் திருவிழா நாள், இருபுறமும் தற்காலிகக் கடைகள் முளைக்கும். கூட்டம் பிடிக்குமென்றால் அன்று போங்கள், அமைதி வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைத் தவிருங்கள். உப்பு சேர்த்த இனிப்புப் பூரணம் வைத்த ஷியோ தைஃபுக்கு இந்தத் தெருவின் பலகாரம்.

துணி வாங்க?

நிப்போரியின் கிழக்கு வாசல் பக்கம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குத் துணி, நூல், பொத்தான், ஜிப் கடைகள். தைக்கத் தெரிந்தவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். தைக்காதவர்கள் கடந்து போய்விடலாம்.

எந்தக் கிழமை, எந்த நேரம்?

இதைப் பார்க்காமல் கிளம்பினால் மூடிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். சின்னக் கடைகள் ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை உண்டு. யனகாவில் பல கடைகள் திங்கள் அல்லது புதன் மூடியிருக்கும். கப்பாபாஷி, ஜிம்போச்சோ, நிப்போரித் துணிக்கடைகள் மூன்றிலும் ஞாயிறு அன்று நிறையக் கடைகள் விடுமுறை. ஆக, செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி எங்கேயும் பாதகமில்லை.

பத்து, பதினொரு மணிக்குத்தான் தெரு விழிக்கும். கப்பாபாஷியில் மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் ஆறு, ஏழு. புத்தாண்டின் முதல் மூன்று நாளும், ஆகஸ்ட் நடுவில் முன்னோர்களுக்கான ஓபோன் நாட்களும் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் காலம், சின்னக் கடைகள் அநேகமாக இராது. நடப்பதற்கு ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெக்கை நம் ஊர்க்காரரையே வாட்டும், காற்றில் அவ்வளவு ஈரப்பதம்.

கடை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாசலில் நோரென் என்னும் துணித்திரை தொங்கினால் திறந்திருக்கிறது. அதை உள்ளே எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் தயங்காதீர்கள். பழைய கடைகளில் மரக்கதவைப் பக்கவாட்டில் தள்ளித்தான் நுழைய வேண்டும்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது? வாங்காமல் வெளியே வந்தால் வருத்தப்படுவார்களா?

உள்ளே நுழைந்ததும் ‘இராஷ்ஷாய்மாசே’ என்று உரக்க வரவேற்பார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, லேசாகத் தலையசைத்தால் போதும். கேள்வி கேட்பதற்கு முன் ‘சுமிமாசென்’. விலை கேட்க ‘இகுரா தெசு கா’. பொருளைக் காட்டி ‘கொரே ஒ குதாசாய்’ என்றால் இதைக் கொடுங்கள் என்று அர்த்தம். கிளம்பும்போது ‘அரிகாதோ கொசாய்மாசு’. இந்த நாலையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மற்றதற்குக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. உச்சரிப்பு சரியாக வரவில்லையே என்று கூச வேண்டாம், முயற்சி செய்கிறீர்கள் என்றாலே கடைக்காரரின் முகம் மலர்ந்துவிடும்.

பார்த்துவிட்டு வாங்காமல் வரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். வாசலில் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் ஒரே ஆள் உட்கார்ந்து கையால் செய்து விற்கும் சிறு கடையில் பத்து நிமிடம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவரையும் பேச வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எனக்கு உறுத்தும். 200, 300 யென்னுக்கு அங்கே ஏதாவது இருக்கும், வாங்கிவிடுவேன். பீங்கான், அரக்குச் சாமான் போன்றவற்றை எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள், எடுத்தால் இரு கையாலும் பிடியுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கடைகளில் இடைவெளி மிகக் குறைவு.

பேரம் பேசலாமா?

கூடாது. ஒட்டியிருக்கும் விலைதான் விலை. குறைத்துக் கேட்டால் கடைக்காரர் சங்கடப்படுவார். உவேனோவிலுள்ள அமெயோக்கோ சந்தை மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையிலிருந்து வளர்ந்த இடம். மாலையில் கூவிக் கூவி ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்? அட்டை வாங்குவார்களா?

பெரிய கடைகளில் அட்டை செல்லும். நான் சொல்லும் தெருக்களில், குறிப்பாகப் பலகாரக் கடைகளில், ரொக்கம் மட்டும் என்று எழுதியிருப்பது இன்னும் சகஜம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10,000 யென் வைத்திருந்தால் கத்தி போன்ற பெரிய பொருளைத் தவிர மற்றதற்குப் போதும். செவன் இலெவன் கடைகளிலுள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். ரயிலுக்கு வாங்கும் சுய்கா, பாஸ்மோ அட்டைகளையும் பல கடைகள் எடுத்துக்கொள்ளும்.

கல்லாவில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். பணத்தைக் கையில் நீட்டாமல் அதில் வையுங்கள், மீதியும் அதிலேயே வரும். ஒன்று முதல் 500 யென் வரை ஆறு நாணயங்கள். 5, 50 இரண்டிலும் நடுவில் ஓட்டை இருக்கும். 500 யென் நாணயத்தைச் சில்லறை என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று பலகாரம் வாங்கலாம். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன, பழைய நோட்டுகளும் செல்லும்.

விலை அட்டையில் இரண்டு எண்கள் இருந்தால் சிறியது வரி சேராதது, பெரியது நீங்கள் கொடுக்க வேண்டியது. நுகர்வு வரி 10 சதவீதம். 2019 அக்டோபர் முதல் உணவுப் பொருளைப் பொட்டலமாக வாங்கிப் போனால் 8, கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10. அதனால்தான் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்கிறார்கள்.

அந்த வரியைத் திரும்பப் பெறலாமா?

வரி நீங்கலாக 5,000 யென் அல்லது அதற்கு மேல் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினால், வரிவிலக்குப் பதிவு பெற்ற கடையாகவும் இருந்தால், பெறலாம். அசல் பாஸ்போர்ட் வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. அதற்கு முன் கடையிலேயே கழிப்பது முறை, அந்தத் தேதியிலிருந்து முழு விலையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது சுங்கம் சரிபார்த்த பிறகு வரி திரும்பும். கப்பாபாஷியின் கத்திக் கடைகளில் இதற்கு அர்த்தம் உண்டு. தெருமுனைப் பலகாரக் கடைகள் பெரும்பாலும் இந்தப் பதிவிலேயே இல்லை, அங்கே கேட்க வேண்டாம்.

நாங்கள் சைவம். தெருவில் என்ன சாப்பிடுவது?

கவனமாக இருந்தால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். சிக்கல் இறைச்சியால் வருவதைவிட தாஷியால் வருவதே அதிகம். தாஷி என்பது காய்ந்த மீனையும் கடற்பாசியையும் ஊற வைத்தெடுக்கும் சாறு. குழம்பிலும், நூடுல்ஸிலும், சாஸிலும், காய்கறி என்று கொடுக்கும் பண்டத்திலும் அது இருக்கும்.

துணிந்து வாங்கக்கூடியவை இனிப்புக் கடைகளில் இருக்கின்றன. தைஃபுக்கு என்பது அரிசிமாவுத் தோலுக்குள் பயற்றுப் பூரணம். தாங்கோ உருண்டைகள். அகர் அகர் கடற்பாசியால் உறைய வைத்த யோகான். குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இலையுதிர் காலத்தில் வறுத்த கஷ்கொட்டை. நிங்யோயாகி, தொராயாகி போன்ற கேக் வகைகளில் முட்டை உண்டு. உப்புச் செம்பெய்யில் சிலவற்றில் மீன் தூளும் இறாலும் சேரும், செயலியில் பின்புறச் சீட்டைப் படித்துப் பாருங்கள். யனகா கின்சாவில் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கும் மென்ச்சி கட்லெட்டில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இருக்கும். பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லி தோசைக்கு மனம் ஏங்கினால் நகரின் கிழக்கே நிஷி கசாய். 2000-ஐ ஒட்டி இந்திய மென்பொருள் பொறியாளர்கள் வந்து குடியேறி வளர்ந்த பேட்டை அது. உளுந்தும் பெருங்காயமும் விற்கும் மளிகைகள் அங்கே உண்டு.

நடந்துகொண்டே சாப்பிடலாமா?

வேண்டாம். வாங்கிய கடையின் வாசலில் ஓரமாக நின்று முடித்துவிட்டு நடங்கள். பெஞ்ச் போட்டிருந்தால் உட்காரலாம். குச்சியையும் காகிதத்தையும் அந்தக் கடையிலேயே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த கடையில் கொடுக்கக் கூடாது. தெருவில் குப்பைத்தொட்டி அரிது. 1995-இல் சுரங்க ரயிலில் நடந்த சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பெருவாரியாக எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்துக்கொண்டு, சேர்ந்ததை விடுதியில் போடுங்கள். துணிப்பை ஒன்றும் இருக்கட்டும், 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு.

படம் எடுக்கலாமா?

தெருவை எடுக்கலாம். கடைக்குள் எடுப்பதற்கு முன் கேமராவைக் காட்டிக் கேளுங்கள். வேலை செய்துகொண்டிருப்பவரின் முகத்தை, அவர் சம்மதிக்காமல் எடுக்கவே கூடாது. யனகாவின் சந்துகள் மக்கள் குடியிருக்கும் இடம். பூந்தொட்டிக்குப் பின்னால் யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னல் இருக்கிறது.

வழி தவறினால்?

தவறும். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது வட்டம், பேட்டை, அதன் பிரிவு, மனைத்தொகுதி, கட்டட எண் என்று எண்களாகவே வரும். செயலியில் புள்ளி வைத்து நடப்பதே சுலபம். அதுவும் கைவிட்டால் கோபான் என்னும் சிறு காவல் சாவடிக்குப் போங்கள். வழி சொல்வது அவர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று, பேட்டையின் வரைபடம் சுவரிலேயே இருக்கும். பெண்கள் தனியாகப் பகலிலும் மாலையிலும் இந்தத் தெருக்களில் நடக்கப் பயப்பட வேண்டியதில்லை. நடைபாதையில் பின்னால் சத்தமில்லாமல் வரும் சைக்கிளைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழிப்பறை? கால் வலி?

ரயில் நிலையம், பூங்கா, பல்பொருள் அங்காடி, எங்கும் சுத்தமான கழிப்பறை உண்டு, காசு கிடையாது. காலணி பழகியதாகவும், எளிதில் கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும். சில பழைய கடைகளிலும் தேநீர் இடங்களிலும் கழற்றித்தான் ஏற வேண்டும். காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தெருக்கள் இன்னும் எத்தனை காலம் இருக்கும்?

என்னை மிகவும் கவலைப்படுத்தும் கேள்வி இது. ஜப்பானின் சிற்றூர்களில் ஷட்டர் இறக்கிய கடைத்தெருக்கள் ஏராளம். பேரங்காடிகள் வந்தது ஒரு காரணம். சின்னக் கடைகளைக் காக்க 1973-இல் ஒரு சட்டம் போட்டார்கள், அதை 2000-இல் எடுத்துவிட்டார்கள். கார் வைத்திருப்பவர்கள் ஊருக்கு வெளியே போய் வாங்கத் தொடங்கினார்கள். இன்னொரு காரணம் வெளியே தெரியாதது: கீழே கடை, மாடியில் வீடு. முதலாளிக்கு வயதாகிப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடையை மூடுகிறார், ஆனால் மேலேதான் குடியிருக்கிறார். அந்நியருக்குக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட மனம் வருவதில்லை. ஷட்டர் அப்படியே கிடக்கிறது.

டோக்கியோவில் ஜன நெருக்கமும் ரயிலும் இருப்பதால் நிலைமை மேல். ஆனால் யனகா போன்ற இடங்களில் வேறு மாதிரி மாற்றம் நடக்கிறது. பழைய கடை மூடினால் அங்கே நம்மைப் போன்ற பயணிகளுக்கான நொறுக்குத்தீனிக் கடை வருகிறது. நாம் படம் பிடிக்கும் பண்டத்தை மட்டும் வாங்கினால் தெரு அந்தப் பக்கம்தான் சாயும். அதனால் சொல்கிறேன்: தேயிலைக் கடையில் ஹோஜிச்சா என்னும் வறுத்த தேயிலை 100 கிராம் வாங்குங்கள். பீங்கான் கடையில் ஒரு சோற்றுக் கிண்ணம், துடைப்பக் கடையில் ஒரு சின்னத் தூரிகை. பேட்டைக்காரர்கள் எந்தக் கடையில் வாங்குகிறார்களோ அங்கே உங்கள் காசும் போகட்டும். ஊர் திரும்பிய பிறகு தினமும் கையில் எடுப்பதும் அந்தப் பொருட்களைத்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

வியாழன் அல்லது வெள்ளியாகப் பாருங்கள். காலை பத்து மணிக்குத் தவராமாச்சியில் இறங்கிக் கப்பாபாஷி, இரண்டு மணி நேரம். அங்கிருந்து மேற்கே இருபது நிமிடம் போல நடந்தால் உவேனோ. மதிய உணவு அங்கே. உவேனோவிலிருந்து யாமனோத்தேயில் இரண்டாவது நிலையம் நிப்போரி. முதலில் தாங்கோவும் தேநீரும், பிறகு படிக்கட்டு இறங்கி யனகா கின்சா. அதன் மேற்கு முனையில் குறுக்கே போகும் யோமிசெ தெருவில் கொஞ்சம் அலைந்துவிட்டு, செந்தாகிப் பக்கம் செம்பெய்யும் சியோகாமித் தாளும். செந்தாகி நிலையத்தில் சியோதா பாதை ரயில் கிடைக்கும். கத்தி வாங்கியிருந்தால் கனம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உவேனோ நிலையத்திலுள்ள நாணயப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, இரவு அந்த வழியே திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.